வசூலுக்கு மட்டும் நான் பட்டதாரியா?

வாங்கியது 3,80,000 ரூபாய். கட்டச் சொல்வது 8,73,600. மாதம் 7,280 வீதம் பத்து வருஷம். பேங்க் கொடுத்த தவணைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு ரூபாய்கூட ஏற்றிச் சொல்லவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. அப்பா பட்டு நெசவு. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது, கூலி மட்டும் எங்களுடையது. கோர்வைச் சேலையை ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா ஓடும். கரை நாடாவை எறிய நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடம் முன்பெல்லாம் வீட்டுப் பிள்ளைக்குத்தான். எங்கள் தெருவில் அப்படி உட்கார்ந்து, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை மறந்த அக்காக்கள் எத்தனை பேர்! அப்பா என்னை உட்கார விடவில்லை. "நீ படிம்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவை உட்கார வைத்தார். அம்மாவின் இடுப்பு போனது அந்தப் பலகையில்தான். அசல் 3,80,000 என்று பேங்க் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவின் இடுப்பை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

2016-ல் பிளஸ் டூ முடித்தேன், பயாலஜி குரூப். அந்த வருஷம் நம் மாநில இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மார்க்தான். என் கட்-ஆஃப் டாக்டர் சீட்டுக்கு எட்டவில்லை. அடுத்தது என்ன என்று முழித்தபோது ஒரு கல்லூரிக்காரர்கள் பளபளக்கும் நோட்டீஸ் கொடுத்தார்கள். பயோடெக்னாலஜி படித்தால் பெங்களூர், ஹைதராபாத், தரமணி டைசல் பார்க் எல்லாம் கதவைத் திறந்து வைத்திருப்பதாக அதில் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்ணின் படத்தை அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பி.எஸ்ஸி. மூன்று வருஷம், எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம், வருஷத்துக்கு 76,000. கல்விக் கடன் நாலு லட்சம் வரைக்கும் அடமானம் வேண்டாம் என்று பேங்கில் சொன்னார்கள். என் கையெழுத்துக்குக் கீழே அப்பாவும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டார்.

தாலுகா ஆபீஸுக்கு நடையாக நடந்து முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் நான்தானே முதல். கட்டணச் சலுகை தொழிற்படிப்புக்குத்தான், பி.எஸ்ஸி.க்குக் கிடையாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். சரி, வட்டியிலாவது விடிவு வரும் என்று பார்த்தேன். 2009-லிருந்து மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஒரு வருஷத்துக்கும் வட்டியை அரசே கட்டும். எங்கள் வருமானம் அதில் பாதிகூட வராது. மேனேஜர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பி.டெக். எடுத்திருந்தா வந்திருக்கும்மா. இது தொழிற்படிப்பு லிஸ்ட்ல வராதே" என்றார்.

பி.டெக். பயோடெக்னாலஜி தொழிற்படிப்பாம், பி.எஸ்ஸி. பயோடெக்னாலஜி இல்லையாம். அதே டி.என்.ஏ.தான், அதே பி.சி.ஆர். மெஷின்தான். நான் படித்தது தொழிலுக்கு உதவாது என்று அரசாங்கத்துக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தே கடன் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. படித்த ஐந்து வருஷமும் பிறகு ஒரு வருஷமும் சேர்ந்து, பத்தரை சதவீதத்தில் வட்டி மட்டும் 1,59,600 ஏறியது. தவணை தொடங்கிய அன்று அதுவும் அசலோடு சேர்ந்துகொண்டது. இனி அந்த வட்டிக்கும் வட்டி. அதே பேங்க் சுவரில் கார்க் கடனுக்கு வட்டி என்னுடையதைவிடக் குறைவு என்று போட்டிருக்கிறது. கார் வாங்கியிருக்கலாம்.

2021-ல் எம்.எஸ்ஸி. முடித்தேன். கொரோனா காலம். ஒரு தனியார் லேபில் ஆர்.டி.பி.சி.ஆர். பிரிவில் 18,000 சம்பளம். பிளாஸ்டிக் உடுப்புக்குள் வேர்வையில் ஊறியபடி ராத்திரி ராத்திரியாக மற்றவர்களின் மூக்குச் சளியை ஆராய்ந்தேன். தெருவில் மரியாதை கிடைத்தது. மறு வருஷம் அலை ஓய்ந்தது, வேலையும் ஓய்ந்தது. இப்போது ஊரிலேயே ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். 14,000 ரூபாய். தவணை போக மிச்சம் 6,720. பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனிக்கு பஸ் ஏறிய என் வகுப்புத் தோழி என்னைவிட அதிகம் வாங்குகிறாள். அவள் மேல் பொறாமை இல்லை, ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். ஆனால் அவள் தலையில் கடன் இல்லை.

ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட முடியாது. நோயியலில் மேற்படிப்பு முடித்துப் பதிவு பெற்ற டாக்டர்தான் போட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோயாளிக்கு அது நல்லதுதான், அதில் எனக்கு வழக்கு இல்லை. அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் வேலைக்குப் போகலாம் என்றால் டி.எம்.எல்.டி. டிப்ளமோ எங்கே என்கிறார்கள். வாத்தியார் வேலைக்கு பி.எட். இரண்டு வருஷம், பிறகு டெட். டெட் பாஸானவர்களுக்கும் இன்னொரு போட்டித் தேர்வு என்று 2018-ல் போட்ட அரசாணை 149-ஐ எதிர்த்து எத்தனை பேர் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள்! "நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கு, மாசம் 37,000" என்று புரொஃபசர் சொல்கிறார். உண்மைதான். அதற்கு ஒரு வருஷமாவது வேலையை விட்டு உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த வருஷத்துத் தவணையை யார் கட்டுவது?

இந்தக் கணக்கைப் பதினேழு வயதில் என்னிடம் யாராவது காட்டியிருந்தால்? அமெரிக்காவில் காலேஜ் ஸ்கோர்கார்ட் என்று அரசாங்கமே ஒரு இணையதளம் நடத்துகிறது. இன்ன கல்லூரியில் இன்ன படிப்பு முடித்தவர்களுக்குக் கடன் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கேயும் உயிரியல் படித்தவர்கள் புலம்புகிறார்கள்தான், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் புலம்புகிறார்கள். இங்கே தேசியத் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் மூன்று வருஷப் படிப்பு முழுவதற்கும் ஒரே வரி. பி.காம்., பி.சி.ஏ., பயோடெக் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளக் கணக்கு. அதுவும் வேலை கிடைத்தவர்களின் சம்பளம். கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பிரிட்டனில் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் தவணை. தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். வேலை போனால் தவணையும் நிற்கும். இங்கே வேலை போன மாதமும் அதே 7,280. மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்த நாளில், எங்கள் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. அம்மாவுக்கு வருகிற அந்த 1,000 ரூபாயும் தவணைக்கே போகிறது. திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையில் கல்விக் கடன் தள்ளுபடி என்று வந்ததை அப்பா வெட்டி எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூன்று தவணை தவறியது. அதற்கு வந்தார்கள் வசூல்காரர்கள் இரண்டு பேர், மோட்டார் சைக்கிளில். எந்நேரம் தெரியுமா? ராத்திரி எட்டரை. காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கடன்காரனைக் கூப்பிட்டு நச்சரிக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எங்கள் திண்ணையில் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. "பொண்ணைப் பெரிய படிப்பு படிக்க வெச்சீங்களே பெரியவரே" என்று தெரு கேட்கக் கத்தினார்கள். அப்பா பதில் பேசவில்லை, மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். முதலாளி எதிரிலும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மதுரையில் இன்ஜினீயரிங் படித்த பையன் ஒருவன், அவனுடைய கல்விக் கடன் வசூல் தனியார் கம்பெனிக்குக் கைமாறிய பிறகு 2016-ல் உயிரை விட்டான். எங்கள் திண்ணைக்கு அவர்கள் வந்துபோன ராத்திரி, அந்தப் பையனை நினைத்தோ என்னவோ, அம்மா நான் படுத்திருந்த அறைக்கு நாலு தடவை வந்து பார்த்தாள்.

அதைவிடக் கொடுமை அதன் பிறகு. நெசவாளர் முத்ராவில் 6 சதவீத வட்டிக்குக் கடன் தருகிறார்கள். தறியைப் பழுது பார்த்து, சொந்தமாகப் பட்டு வாங்கி இரண்டு சேலை போடலாம் என்று அப்பா விண்ணப்பித்தார். சிபில் ஸ்கோர் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். வாழ்க்கையில் கைமாற்று வாங்கினாலும் நாள் தவறாமல் திருப்பிக் கொடுத்தவர் அவர். என் பட்டம் அவரை ஏமாற்றுக்காரர் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மானியம் கேட்டால் என் படிப்பு தொழிற்படிப்பு இல்லை. வேலை கேட்டால் தகுதி இல்லை. வசூல் என்று வந்தால் மட்டும் எம்.எஸ்ஸி. படித்த பெண், சம்பாதிக்க மாட்டாளா?

தள்ளுபடி வேண்டாம். வாங்கிய அசலை நான் கட்டுவேன், தலையை அடகு வைத்தாவது கட்டுவேன். படித்த காலத்து வட்டியை, பி.டெக். பிள்ளைக்குக் கட்டியதுபோல் எனக்கும் கட்டுங்கள். சம்பளத்தைப் பார்த்துத் தவணை போடுங்கள். அப்பாவின் பெயரை அந்தக் கடனிலிருந்து எடுங்கள். எடுத்துவிட்டு வசூலுக்கு என்னிடம் வாருங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால்.