ஓய்வுநாளுக்கு ஓர் இடம் வேண்டும்: கிள்ளான் குடியிருப்பாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், செயலவையினர்,
குடியிருப்பாளர் சங்கம்,
கிள்ளான், சிலாங்கூர்.

பெறுநர்:
மாண்புமிகு டத்தோ பண்டார் அவர்கள்,
கிள்ளான் அரச மாநகர் மன்றம்.

நகல்:
ஊராட்சித் துறைக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர், சிலாங்கூர் மாநில அரசு
கிள்ளான் மாவட்ட நில அலுவலகம்
சிலாங்கூர் பொது நூலகக் கழகம்

பொருள்: வார இறுதியிலும் மாலை வேளைகளிலும் மக்கள் பொழுதைப் பயனுறக் கழிக்கத் திடல், மண்டபம், நூலகம், பேருந்து வசதிகளை வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



துறைமுகத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், தொழிற்சாலைப் பெண்கள், பாதுகாவலர், ஆசிரியர், பணி ஓய்வு பெற்றோர் எனப் பலதரப்பட்ட குடும்பங்கள் எங்கள் சங்கத்தில் உள்ளன. சங்கக் கூட்டங்களில் குப்பை, வெள்ளம், வாகன நெரிசல் பற்றிப் பேசி முடித்த பிறகு, தாய்மார்கள் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: “ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?” அந்தக் கேள்விக்கு விடை தேடியே இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறோம்.

1. பின்னணி

ஓய்வு நேரம் கேட்டுக் கிள்ளான் மக்கள் குரல் எழுப்புவது இது முதல்முறை அன்று. 1941இல் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் துணையுடன் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் போராட்டம், கூலி உயர்வோடு வேறு பலவற்றையும் கேட்டது. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலைநாள் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், தோட்டத் துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும் என்றெல்லாம் அந்தக் கோரிக்கைகள் நீண்டன. வேலை முடிந்த பின் உள்ள பொழுது தங்களுக்கே உரியது என்று பால்மரம் வெட்டிய மக்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள்.

அவர்கள் கேட்ட நேரம் இன்று சட்டமாகி நிற்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வை உறுதி செய்கிறது. 2005 ஜூலை 1 முதல் அரசு ஊழியர்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்றானது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேர உச்சவரம்பு 48 மணி நேரத்திலிருந்து 45 மணி நேரமாகக் குறைந்தது. நேரத்தைப் பொறுத்தவரை எங்கள் தாத்தா பாட்டிமார் கனவு பெரும்பகுதி நிறைவேறிவிட்டது. இடத்தைப் பொறுத்தவரை அவர்களுக்கு இருந்தது எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

தோட்டத்து வாழ்க்கை கடினமானது. அதை நாங்கள் புகழ வரவில்லை. ஆனால், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு எதிரே ஒரு திடல் இருந்தது. மாலையில் பந்தாட்டம் நடந்தது. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கியது. வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். தமிழ் இளைஞர் மணிமன்றக் கிளைகளில் பிள்ளைகள் மேடையேறிப் பேசப் பழகினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, மக்களுக்கு மாற்று வீடு தேடினார்கள். திடலுக்கு மாற்றுத் தேடியவர்கள் குறைவு.

2. இன்றைய நிலை

மலிவு விலை அடுக்குமாடிகளில் ஏறத்தாழ 650 சதுர அடி வீட்டுக்குள் மூன்று தலைமுறை வாழும் குடும்பங்கள் எங்களில் உண்டு. அங்கே கூடம்தான் படிக்கும் இடம், படுக்கும் இடம், தாத்தா தொலைக்காட்சி பார்க்கும் இடம். ஞாயிறன்று பத்து வயதுப் பையன் கைப்பேசியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால், அவனைக் கண்டிக்கும் முன் அவன் வேறெங்கே உட்காரலாம் என்று நாம் சொல்ல வேண்டும்.

குடும்பமாக வெளியே செல்ல விரும்புவோர் பேரங்காடிக்குச் செல்கிறார்கள். குளிரூட்டிய காற்றும் தூய்மையான கழிப்பறையும் அங்கேதான் கிடைக்கின்றன. ஆனால் நால்வர் படம் பார்த்துச் சாப்பிட்டு, வண்டி நிறுத்தியதற்கும் பணம் கட்டி வீடு திரும்பினால், நூறு ரிங்கிட் மீதமில்லாமல் போய்விடும். மாதத்தில் ஒரு முறை போவதே சிரமம் என்போர் பலர்.

துறைமுகத்துக்கு ஞாயிறு கிடையாது. இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு ஓய்வுநாள் செவ்வாயாக இருக்கலாம். பெண்களின் நிலை இன்னும் கடினம்: வாரம் முழுதும் தொழிற்சாலையில் நின்றவருக்கு ஞாயிறு என்பது துவைக்கும் நாள், சந்தைக்குப் போகும் நாள், வாரத்துக்கும் சேர்த்துச் சமைக்கும் நாள். இருட்டிய பின் நடைப்பயிற்சிக்குப் போக அவர்களுக்கு வெளிச்சமும் துணையும் வேண்டும்.

உடல்நலமும் இந்த இடமின்மையோடு பிணைந்தது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் நால்வரில் ஒருவர் போதிய உடலியக்கமின்றி வாழ்ந்தார். நீரிழிவு நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய மூவரில் ஒருவர் என்னும் அளவில் இருந்தது. மருந்தகத்தில் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியைத் திடலில் செலவிட்டால் நாட்டுக்கும் நன்மை.

3. எங்கள் கோரிக்கைகள்

2024 பிப்ரவரி 5ஆம் நாள் கிள்ளான் அரச மாநகராக உயர்வு பெற்றது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் இம்மாவட்டத்தில் அந்த உயர்வின் பயன் ஒவ்வொரு தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) வாசலுக்கும் வர வேண்டும் என்ற நம்பிக்கையுடன் பின்வருவனவற்றைக் கேட்கிறோம்.

(அ) திடல்களின் பட்டியல்: பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களின் பராமரிப்பை 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 63ஆவது பிரிவு ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கிறது. கிள்ளானில் உள்ள திடல்கள், விளையாட்டு மைதானங்கள் அனைத்தையும் தாமான் வாரியாகப் பட்டியலிட்டு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும். இன்னும் அரசிதழில் பதிவாகாத திடல்களைத் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின் கீழ் பொது ஒதுக்கீடாக அறிவிக்க மாநில அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

(ஆ) விளக்கு, கழிப்பறை, குடிநீர்: அடுக்குமாடிகளை ஒட்டிய திடல்களில் இரவு 10 மணி வரை விளக்கு எரிய வேண்டும். கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் வேண்டும். கடைசி ஷிப்ட் முடித்து வருபவரும் அரை மணி நேரம் பந்து உதைக்க இது வழி செய்யும்.

(இ) பெண்களுக்கும் முதியோருக்கும்: ஒவ்வொரு தொகுதியிலும் வெளிச்சமுள்ள நடைபாதை ஒன்றும், அதன் அருகே தாயின் கண்பார்வையில் பிள்ளைகள் விளையாடும் மூலையும் அமைய வேண்டும். மரநிழலில் சாய்வு இருக்கைகள் வேண்டும்.

(ஈ) மண்டபம்: சமய வகுப்பு, திருக்குறள் வகுப்பு, சிலம்பம், பரதம், தையல் போன்ற இலாப நோக்கற்ற வகுப்புகளுக்குப் பொது மண்டபங்களை ஞாயிறு காலையில் கட்டணமின்றித் தர வேண்டும். முன்பதிவு இணையத்தில் மட்டும் என்றில்லாமல் முகப்பிலும் நடக்க வேண்டும்.

(உ) செட்டித் திடலில் கலை மாலை: தெங்கு கிளானா சாலையிலுள்ள லிட்டில் இந்தியாவுக்கு வருவோர் பொருள் வாங்கவே வருகிறார்கள், உட்கார்ந்து மகிழ இடமில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அருகிலுள்ள செட்டித் திடலில் நாடகம், உறுமி, சிலம்பம், கபடி என உள்ளூர்ப் பிள்ளைகள் நடத்தும் நிகழ்ச்சிக்கு அனுமதி வேண்டும். நுண்கலை கற்கக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வரை போய்வர வசதியற்ற பிள்ளைகளுக்கு இதுவே முதல் மேடையாகும்.

(ஊ) நூலகம்: நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி இருக்கும் நகரம் இது. பொது நூலகங்களில் தமிழ் நூல்கள் பெருக வேண்டும். வார இறுதியில் கதை சொல்லும் நேரம் ஒன்று வேண்டும். நடமாடும் நூலகம் அடுக்குமாடிகளுக்கு முறைவைத்து வர வேண்டும்.

(எ) ஞாயிறு பேருந்து: 2015இல் இலவசமாகத் தொடங்கிய ஸ்மார்ட் சிலாங்கூர் பேருந்துச் சேவையின் வழியே, அடுக்குமாடிப் பகுதிகளைத் தாமான் ராக்யாட் பூங்கா, தஞ்சோங் ஹராப்பான் கடற்கரை, சுல்தான் அப்துல் அசிஸ் அரச அரும்பொருளகம் ஆகியவற்றோடு இணைக்கும் ஞாயிறு தடம் ஒன்று வேண்டும். கடலிலிருந்து சில மைல் தொலைவில் வாழ்ந்தும் கடலைப் பார்த்திராத பிள்ளைகள் எங்களிடையே இருக்கிறார்கள்.

(ஏ) வரலாற்றுக்கு மதிப்பு: நகரின் மரபு நடைச் சுற்றுலாவைத் தமிழிலும் நடத்த வேண்டும். 1941 போராட்டத் தொழிலாளர்களின் நினைவாக ஒரு பலகை பொதுவிடத்தில் நிறுவப்பட வேண்டும்.

(ஐ) கூட்டுக்குழு: இவற்றை மேற்பார்வையிட மன்ற அதிகாரிகளும் குடியிருப்பாளர் பேராளர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்திக்கும் குழு அமைய வேண்டும். அதில் பெண்களும் இளைஞர்களும் இடம்பெற வேண்டும்.

4. எங்கள் உறுதிமொழி

கேட்பதோடு நாங்கள் ஒதுங்கமாட்டோம். எங்களிடம் தரப்படும் ஒவ்வொரு திடலையும் மாதம் ஒருமுறை கூட்டுப்பணியாகத் துப்புரவு செய்வோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் ஊதியமின்றி வகுப்பு நடத்த முன்வந்துள்ளார்கள். நிகழ்ச்சிகளைக் குறித்த நேரத்தில் முடித்து அண்டை வீட்டார் உறக்கத்தைக் காப்போம். மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் அனைவருக்கும் எங்கள் வகுப்புகளும் ஆட்டக்களங்களும் திறந்தே இருக்கும். மண்டபப் பயன்பாட்டுக்கும் செலவுக்கும் எழுத்துமூலம் கணக்குக் காட்டுவோம்.

5. முடிவாக

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க இயலாது என்பதை அறிவோம். முதற்கட்டமாக, (அ) பிரிவில் கேட்ட திடல் பட்டியலையும், ஏதேனும் ஓர் அடுக்குமாடித் திடலில் விளக்கு வசதியையும் வேண்டுகிறோம். இம்மனு கிடைத்த 60 நாளுக்குள் எங்கள் பேராளர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். “பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?” என்று சங்கக் கூட்டத்தில் கேட்ட தாய்மார்களையே அந்தச் சந்திப்புக்கு அழைத்து வருவோம். தங்கள் பதிலை அவர்கள் நேரில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர்
செயலாளர்
மகளிர் பிரிவுப் பொறுப்பாளர்
இளைஞர் பிரிவுப் பொறுப்பாளர்

குடியிருப்பாளர் சங்கம், கிள்ளான்