பிடித்த படத்தைப் பேணுவோம்

தமிழின் முதற் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படம் உருவானது சென்னையிலன்று. அந்நாளில் பம்பாய் எனப்பட்ட நம் மும்பை மாநகரிலேயே. தமிழ் மக்கள் தம் மொழியைத் திரையில் முதன்முதலாகக் கேட்டு மகிழ்ந்த அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை. எடுப்பது வேறு, காப்பது வேறு என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இன்று படம் எடுப்பது எளிதாகிவிட்டது. தாராவியில் பொங்கல் விழாவாயினும், செம்பூரில் நடன அரங்கேற்றமாயினும், மாட்டுங்காவில் இலக்கியக் கூட்டமாயினும், நம் இளைஞர்கள் கேமராவைக் கணினியுடன் இணைத்து, நிகழ்ச்சி நடக்கும்போதே நேராகப் பதிவு செய்துவிடுகின்றனர். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ போன்ற மென்பொருள்கள் இதற்கென விலையின்றியே கிடைக்கின்றன. ஆயினும், ஆறு மாதம் கழித்து, “என் பேத்தி ஆடிய கோலாட்டம் எங்கே?” என்று ஒரு பாட்டி கேட்டால், உடனே எடுத்துத் தருவோர் நம்மில் எத்தனை பேர்?

ஆதலின், இப்பணியில் ஈடுபடும் அன்பர்கள் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, மூன்று மணி நேர விழாவை ஒரே கோப்பாகப் பதிய வேண்டா. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்து திரை விழும்போது பதிவை நிறுத்தி, அடுத்ததற்குப் புதிதாகத் தொடங்குக. அறிவிப்பாளர் பேசத் தொடங்குமுன்பே பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். பெயர்கள் அவர் வாயாலேயே பதிந்துவிடும்.

இரண்டாவது, இடத்தைக் கணக்கிடுக. வினாடிக்கு 8 மெகாபிட் அளவில் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 3.6 ஜிகாபைட் ஆகும். பழைய பென் டிரைவ்கள் பல எஃப்.ஏ.டி.32 என்னும் அமைப்பில் உள்ளவை; அவை 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்கமாட்டா. அத்தகையதில் நேராகப் பதிந்தால், ஒரு மணி பத்து நிமிட அளவில் பதிவு நின்றுபோகலாம்.

மூன்றாவது, கோப்பின் வகையைக் கவனிக்க. சாதாரண எம்.பி.4 கோப்பில், எந்தக் காட்சி எங்குள்ளது என்னும் அட்டவணை பதிவு முடியும்போதே எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் நின்றால், முழுக் கோப்பும் திறவாது போகக்கூடும். எம்.கே.வி. வகையில் பதிந்தால், நின்ற நொடிவரை உள்ளது பெரும்பாலும் தப்பும். பின்னர் அதனை எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது, அன்றிரவே பெயரிடுக. ‘2025-01-14-03-கோலாட்டம்’ என்று ஆண்டு, மாதம், நாள், வரிசை எண், நிகழ்ச்சி என்னும் முறையில் எழுதினால், கோப்புகள் தாமே வரிசையாக நிற்கும். ஆடியோர், பாடியோர், பேசியோர் பெயர்களை ஒரு குறிப்பேட்டிலும் எழுதி வைத்தல் நன்று. அன்று எல்லோரும் அறிந்த முகங்களை இருபது ஆண்டுகளுக்குப் பின் யார் அறிவார்?

ஐந்தாவது, மூன்று பிரதிகள் வைத்து, ஒன்றை வேறு பகுதியில் உள்ள அன்பர் இல்லத்தில் ஒப்படைக்க. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளையும் மும்பைவாசிகள் மறந்திரார். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம் என்று மூலத்தை அழித்துவிடுதல் தகாது. அதில் வீடியோவாக அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டுத் தெளிவு குறைந்துவிடுகிறது.

இவையெல்லாம் வெறும் தொழில்நுட்பச் செய்திகள் என்று எண்ணற்க. திருநெல்வேலிச் சீமையினின்று தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் தொழிலில் உழைத்து நம்மவர் வாழ்வை இங்கு நிலைநிறுத்திய முன்னோரின் கதைகளில் ஏட்டில் ஏறியவை சில. பெரியோர் நினைவில் மட்டும் நிற்பவை பல. அப்பெரியவர்களுள் ஒருவர் விழா மேடையில் பத்து நிமிடம் பேசுவாராயின், அக்குரலும் அவ்வூர்ப் பேச்சும் அவர் பேரர்க்குரிய செல்வமாகும். தமிழெழுத்தைப் படிக்க அறியாத பேரனும் தாத்தாவின் குரலைக் கேட்டுணர்வான். பெயரில்லாத கோப்புகளுக்கிடையே அது புதைந்து கிடந்தால், இருந்தும் இல்லாததே.

ஆகவே, விழாக்குழு அமைக்கும்போது, வரவேற்புக்கும் விருந்துக்கும் பொறுப்பாளரை நியமிப்பதுபோல, பதிவுகளைப் பேணுதற்கும் ஒருவரை நியமிப்போமாக. மண்டபத்தின் விளக்குகள் அணைந்த பின்னும், அவர் தம் ஒரு மணி நேரப் பணியை முடிக்கும் வரை விழா நிறைவுறவில்லை என்றே நாம் கொள்ளல் வேண்டும்.