அறுபது படிகளும் ஒரு பேத்தியும்



சுவாமிமலைக் கோயிலுக்கு அறுபது படிகள். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகளை அவை குறிக்கின்றன என்று பெருமையோடு சொல்வார்கள். அந்த அறுபது ஆண்டுகள் எப்படிப் பிறந்தன என்று கேட்டுப் பாருங்கள், சற்றே தயங்குவார்கள். நாரதர் பெண்ணாக மாறினாராம், கண்ணனைக் கூடினாராம், அறுபது பிள்ளைகளைப் பெற்றாராம். அந்தப் பிள்ளைகளின் பெயர்களே ஆண்டுகளின் பெயர்களாயினவாம். அறுபது பிள்ளை! பால் கொடுத்தது யார், பசித்தழுதபோது கஞ்சி காய்ச்சியது யார், பள்ளிக்கு அனுப்பியது யார்? புராணிகர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பெறுவது கதையில், வளர்ப்பது குடிசையில்!

அந்தப் படிகளுக்குக் கீழே, கடைத்தெரு முனையில், சில நாட்களுக்கு முன் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றிக் கொண்டிருந்தார்கள். நாற்றுப் பிடித்துக் காய்த்துப்போன கைகளோடு ஒரு மூதாட்டி அருகில் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும்.

"தம்பி, ஒரு சேதி கேக்கணும். நான் ஏழு பெத்தேன். மூணு மண்ணுக்குப் போச்சு, நாலு தங்கிச்சு. எட்டாவது வரைக்கும் படிச்சா கல்யாணத்துக்கு சர்க்காரு பணம் தருதுன்னாங்க, எம் மவள வயக்காட்டுக்கு அனுப்பாம பள்ளிக்கூடத்துல வச்சிருந்தேன். அவ ரெண்டோட ஆப்பரேசன் பண்ணிக்கிட்டா. பேத்தி காலேசு முடிச்சுட்டு கும்பகோணத்துல வேலைக்குப் போவுது. ஒண்ணு போதும்ங்குது. இப்ப என்னடான்னா, நெறையப் பெத்துக்கணும், இல்லாட்டி டில்லியில நம்ம எடம் போயிடும்னு பேசிக்கிறாங்க. ரெண்டு போதும்னு சொன்னதும் நீங்கதான், பத்தாதுன்னு சொல்றதும் நீங்கதான். நாங்க யாரு பேச்சக் கேக்குறது?"

மேடையில் ஒரு மணி நேரம் முழங்கிய எனக்கு, மேடைக்குக் கீழே ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த முறை வரும்போது சொல்கிறேனம்மா என்று கூறிப் பேருந்து ஏறினேன். இந்தக் கட்டுரை அந்த அம்மையாருக்கு நான் பட்டிருக்கும் கடன்.

நாம் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக மேற்கொண்டது. உலகிலேயே அப்படிச் செய்த முதல் அரசு என்பார்கள். மகிழ்ச்சி! ஆனால் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஈரோட்டிலிருந்து வந்த 'குடி அரசு' ஏடு கர்ப்பத்தடையைப் பற்றிக் கூசாமல் எழுதிற்று. அந்நாளில் அந்தச் சொல்லை உச்சரிப்பதே பாவம்! 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கர் அம்மையாரிடம், கருத்தடைக் கருவிகள் வேண்டாம், புலனடக்கமே வழி என்று வாதாடினார் காந்தியார். வேறு சிலர் கர்ப்பத்தடையை ஏற்றார்கள். நாட்டின் வறுமை நீங்க என்றார்கள், தாயின் உடல் நலத்துக்காக என்றார்கள், சொத்து சிதறாமலிருக்க என்றார்கள். பெரியார் அவற்றோடு நிற்கவில்லை. பெண் விடுதலை பெறுவதற்காக, அவள் தன்னிச்சையாய் வாழ்வதற்காக, அந்த உரிமை வேண்டும் என்றார். பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சுமப்பவளிடம் இருக்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் வேர்.

அந்த வேரைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது. அதை விட்டவர்கள் எங்கே போய் விழுந்தார்கள் என்பதை 1976 காட்டிற்று. அவசர நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், இந்தியாவில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள். ஆசிரியருக்கு இலக்கு, அலுவலருக்கு இலக்கு, ஆள் பிடித்து வராவிட்டால் சம்பளம் நிறுத்தம்! வடபுலத்துச் சிற்றூர்களில் காவலர் வண்டியைக் கண்ட ஆடவர் வயற்காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். 1977 தேர்தலில் மக்கள் விடையளித்தனர். அதன்பின் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரையே மாற்றிக் 'குடும்ப நலம்' என்று எழுத வேண்டியதாயிற்று.

தமிழ்நாடு வேறு வழியில் நடந்தது. இங்கும் குறைகள் இல்லாமலில்லை. அறுவைக்கு வருவோர்க்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தை 1950களிலேயே தொடங்கிய மாநிலம் இது. பணம் மட்டும் மாற்றத்தைக் கொண்டு வந்துவிடவில்லை. 1956இல் காமராசர் ஆட்சி தொடங்கிய பகலுணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, ஊர்தோறும் நடந்த கிராமச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1989இல் கலைஞர் ஆட்சி கொண்டுவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி. மூவலூர் எங்கே இருக்கிறது? இதே காவிரிக் கரையில், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில். பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயரால் வந்த உதவி, பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைத்தது. 2022இல் அதே திட்டம் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமாயிற்று. சுவாமிமலை மூதாட்டியின் மகளுக்குத் திருமண உதவி, பேத்தி காலத்தில் கல்லூரி உதவி. இரண்டு தலைமுறையில் நடந்த புரட்சி அது, ஒரு துளி இரத்தம் சிந்தாமல்!

பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, பெறுவது குறைந்தது. 1971இல் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி சராசரியாகப் பெற்ற பிள்ளைகள் ஏறத்தாழ 4. 1993 வாக்கில் அது 2.1க்கு இறங்கிற்று. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1.4.

சரி, சாதித்தோம். பரிசு என்ன?

பழைய கணக்கொன்று சொல்கிறேன். 1962இல் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடம். 1967இல் 39. மக்கள் பெருக்கம் மற்ற பகுதிகளைவிட மெதுவாக இருந்ததால் இரண்டு இடம் பறிபோயிற்று! 1976இல் வந்த 42ஆம் சட்டத்திருத்தம், இனி 1971 கணக்கே கணக்கு என்று நிறுத்தி வைத்தது. 2001இல் வந்த 84ஆம் திருத்தம் அதை 2026 வரை நீட்டியது. 1971இல் தமிழ்நாட்டு மக்கள் 4.12 கோடி, இன்றைய பீகாரின் எல்லைக்குள் வாழ்ந்தோர் 4.21 கோடி. ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். இடங்களும் அப்படியே, நமக்கு 39, அவர்களுக்கு 40. 2011இலோ நாம் 7.21 கோடி, பீகார் 10.41 கோடி. தலையை எண்ணி நாற்காலி போட்டால், சொன்ன சொல்லைக் கேட்டவனுக்குத் தண்டனை, கேளாதவனுக்குச் சன்மானம்! இந்த அநீதியை எதிர்த்துத்தான் 2025 மார்ச் 22 அன்று சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடி, 1971 கணக்கை மேலும் 25 ஆண்டுகள் தொடரக் கேட்டனர். நியாயமான கோரிக்கை. விட்டுக்கொடுக்கக் கூடாத கோரிக்கை.

ஆனால் கோரிக்கை வேறு, குழந்தை வேறு. 2024 அக்டோபரில் ஆந்திரத்தின் சந்திரபாபு நாயுடு, அதிகம் பெறுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். நம் மேடைகளிலும், மணவிழாக்களிலும், வேடிக்கையாகவும் வினையாகவும் அந்தப் பேச்சு எழுந்தது. தோழமையோடு சொல்கிறேன், இந்தப் பேச்சு நமக்கு ஆகாது. பீகாருக்கும் நமக்கும் 2011லேயே மூன்று கோடிக்கு மேல் இடைவெளி. எந்தக் கருவறை அதை நிரப்பும்? அப்படியே நிரப்பினாலும், அந்தப் பிள்ளைக்குப் பாலும் பள்ளியும் பணியும் தரப்போவது யார்? தொகுதி எண்ணிக்கை அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டது. அதை அரசியல் சட்டத்தில் மாற்று! பெண்ணின் வயிற்றில் மாற்ற முயலாதே! டில்லி சொன்னால் பெறாதே, சென்னை சொன்னால் பெறு என்று இரு எசமானர்கள் கட்டளையிட்டால், அவளுக்கு விடுதலை எங்கே?

பீகார்த் தாயை ஏசும் நாவும் நமக்கு வேண்டாம். அவளைப் பள்ளிக்கு அனுப்பாதது அவள் குற்றமல்ல. இன்று தஞ்சைத் தரணியில் நடவு நடுவோரில் வங்கத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். நம் சோற்றில் அவர்கள் வியர்வையும் கலந்திருக்கிறது.

இனி, எதிர்ப்பக்கத்தில் நிற்கும் இன்னொரு கூட்டத்தைப் பார்ப்போம். காவிரி வறண்டதற்கும், காற்று நஞ்சானதற்கும், மழை பொய்த்ததற்கும் ஏழை பெற்ற பிள்ளைகளே காரணம் என்பார் அவர். மக்கள் பெருகியதால் ஆற்றின் மீது பாரம் ஏறியது உண்மை, மறுக்கவில்லை. 1951இல் 3 கோடி, 2011இல் 7 கோடி. காவிரி நீர் இன்று வீராணம் வழியாகச் சென்னையின் தாகத்தையும் தீர்க்கிறது. ஆனால் ஒரு கேள்வி. பிறப்பு இறங்கி முப்பதாண்டுக்கு மேலாகிறதே, ஆறு தேறிற்றா? பிள்ளைகள் குறைந்தன, மணல் லாரிகள் குறைந்தனவா? 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடக் கதவணை உடைந்து ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டனவே, அதை உடைத்தது எந்தக் கூலிக்காரியின் ஐந்தாவது பிள்ளை? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. திறந்துவிடச் சொல்லியும், 2023இல் குறுவை கண்ணெதிரே காய்ந்ததே, அதற்கும் தொட்டிலா பொறுப்பு? அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 14 டன், இந்தியர் ஒருவருக்கு 2 டன். ஏழு பேர் விடும் புகையை ஒருவர் விடுகிறார். எண்ணுவதானால் தலையை மட்டும் எண்ணாதீர், தட்டையும் எண்ணுங்கள்!

சுவாமிமலைச் சிற்பியைக் கேளுங்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலை மேலே பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்க்கிறார். நுண்மையான அந்த வண்டல் இல்லையேல் சிலையின் விரலில் நகம் இல்லை, முகத்தில் நகை இல்லை. ஆற்றைச் சுரண்டுபவன் நெல்லை மட்டுமா அழிக்கிறான்? சிற்பியின் கையையும் அல்லவா வெட்டுகிறான்!

கடைசியாக, ஆடவர்களே, உங்களிடம் ஒரு சொல். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது: தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது? ஆயிரத்துக்கு ஒருவர்! அவளுக்கு வயிற்றில் கத்தி. ஆணுக்கோ கத்தியும் தையலும் இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பும் சிகிச்சை. பத்து மாதம் சுமந்தவளே கத்தியையும் சுமக்க வேண்டுமாம். மீசை முறுக்கும் வீரர் மருத்துவமனை வாசலில் மயங்கி விழுகிறார்! பெண் விடுதலை பேசும் நம் தோழர்களில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்தோம்? கேள்வி உங்களுக்கு மட்டுமல்ல, எனக்கும்தான்.

அம்மா, இப்போது உங்களுக்கு விடை சொல்கிறேன். இரண்டு பெறச் சொல்லும் உரிமையும் எங்களுக்கு இல்லை, பதினாறு பெறச் சொல்லும் உரிமையும் இல்லை. பள்ளியும் மருத்துவமும் வேலையும் தண்ணீரும் தரும் கடமை ஆட்சிக்கு உண்டு. டில்லியில் நம் இடத்தைக் காக்கும் கடமை எங்களுக்கு உண்டு. அதை வாதாடிக் காப்போம், போராடிக் காப்போம். உங்கள் பேத்தியின் வயிற்றைக் கேடயமாக்கிக் காக்க மாட்டோம்.

யார் பேச்சைக் கேட்பது என்றீர்கள். மகன் தகப்பனுக்குப் பாடம் சொன்னான் என்று கதை சொல்லும் ஊர் உங்களுடையது. மகன் தகப்பனுக்கு ஆசானாகலாம் என்றால், படித்த பேத்தி பாட்டிக்கும் ஆசானாகலாம், எங்கள் மேடைக்கும் ஆசானாகலாம்.

அவள் பேச்சைக் கேளுங்கள். நாங்களும் கேட்கிறோம்.