வேப்பிலை காக்குமா?

திருவரங்கத்திலே ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கக் கண்டோம். மூத்த பிள்ளைக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் வாயிலும் கொப்புளம். "ஆத்தா வந்திருக்கா" என்றார் பாட்டி. அவர் மடியிலோ பிறந்து எட்டே நாளான சிசு!

தோழர்களே, வந்தவள் ஆத்தா அல்ல. கை, கால், வாய் நோய். கோழிக்கோட்டில் 2003-லேயே கண்டறிந்தார்கள். மலத்தாலும் எச்சிலாலும் தொற்றும் இக்கிருமி, இளம்பிள்ளைவாதக் கிருமிக்குப் பங்காளி. பெரிய பிள்ளைக்குப் பெரும்பாலும் பத்து நாளில் ஆறிவிடும். பச்சைச் சிசுவுக்கோ இதயத்தை, ஈரலை, மூளையைத் தாக்கக்கூடும். தைவானில் 1998-ல் 78 உயிர்களைக் குடித்தது. பெரும்பாலும் சின்னஞ்சிறு பிள்ளைகள். அக்கிருமிக்குச் சீனத்தில் 2016 முதல் தடுப்பூசி உண்டு, ஆனால் ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்குத்தான். சிசுவுக்கு? நம் கைச் சுத்தமே காப்பு.

பெரியம்மையை 1975-ல் இந்நாட்டை விட்டு விரட்டியது வேப்பிலையா, ஊசியா?

பொன்மலைப் பட்டறையிலிருந்து திரும்பும் தோழரே! சோப்பிட்டுக் கழுவாத கையால் சிசுவைத் தூக்காதீர். கொப்புளம் கண்ட மூத்ததை இளையதிடம் அண்டவிடாதீர். பிரசவ நாளையொட்டித் தாய்க்குக் காய்ச்சல் கண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர். சிசு பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டாலோ, உடல் சுட்டாலோ, சில்லிட்டாலோ, சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு விடியட்டும் என்றிராதீர். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் புத்தூர் அரசு மருத்துவமனை. நள்ளிரவிலும் கதவு திறந்திருக்கிறது.