காந்தத்தைப் பார்க்காதீங்க, நம்பரைப் பாருங்க!

வீட்டுலயே ஸ்பீக்கர் செய்யணும்னு கிளம்புற நண்பர்கள் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எந்த டிரைவர் வாங்கலாம்?" (கார் ஓட்டுற டிரைவர் இல்லீங்க. கூம்பும் காந்தமும் இருக்கற அந்த வட்டமான சமாச்சாரம்.) என்னைக் கேட்டா, "என்னால எந்தப் பொட்டி செய்ய முடியும்?"ங்கறதுதான் முதல் கேள்வி. பொட்டி தட்டுறவன் பொட்டியைப் பத்திப் பேசாம வேற எதைப் பேசுவான் :-)

ஒத்தை டிரைவர் எதுக்கு? சாதாரண ஸ்பீக்கர்ல வூஃபர், ட்வீட்டர்னு ரெண்டு இருக்கும். நடுவுல கிராஸ்ஓவர் உக்காந்து பங்கு பிரிக்கும். இந்தப் பாகப்பிரிவினை பெரும்பாலும் 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் நடக்குது. நம்ம காது ரொம்பக் கூர்மையா இருக்கற ஏரியா அது. ஃபுல் ரேஞ்ச் டிரைவர்ல அந்தத் தகராறே கிடையாது. குரல் ஒரே இடத்துலேர்ந்து வரும். வயலின், வீணை கேட்டாப் புரியும்.

இங்கதான் நம்மாளுங்க வழுக்கி விழறாங்க. நண்பர் ஒருத்தர் ஒரு வருஷமா சேத்து வெச்ச காசுல, பெரிய காந்தம் வெச்ச இறக்குமதி டிரைவர் ஒரு ஜோடி வாங்கினார். சின்னதா மூடின பொட்டியில மாட்டினார். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி கத்துச்சு. இப்ப அது பரண் மேல. டிரைவர் மேல குத்தமே இல்லை.

கணக்கு இதுதான். 1961ல நெவில் தீல் ஆரம்பிச்சு, 1970கள்ல ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினது. க்யூ.டி.எஸ்னு ஒரு எண் டிரைவரோட தாள்ல இருக்கும். காந்தம் பலமானா இது குறையும். ரெண்டு டிரைவர், ரெண்டுக்கும் ஒத்ததிர்வு 80 ஹெர்ட்ஸ்னு வைங்க. ஒண்ணுக்கு க்யூ.டி.எஸ் 0.5, இன்னொண்ணுக்கு 0.25. மூடின பொட்டியில சீரான சத்தத்துக்கு 0.7னு வர்ற மாதிரி பொட்டி அளவை வெச்சா, முதலாவது சுமார் 113 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பலமான காந்தக்காரர் 226லயே நின்னுடுவார்! ஆண்குரலோட அடிப்பாகமே போச்சு.

அப்ப குறைஞ்ச க்யூ டிரைவர் எதுக்கு? ஹார்ன் பொட்டிக்கு. லோதர் டிரைவர்களை அதுல அதிகம் பாக்கறது சும்மா இல்லை. ஆனா மடிச்சு மடிச்சுப் போற அந்தப் பலகை வேலைக்குப் பொறுமையான ஆசாரி வேணும். ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? ஒரு சின்ன வழி இருக்கு. டிரைவரோட தொடர்ல ரெண்டு மூணு ஓம் ரெசிஸ்டர் போட்டா க்யூ கொஞ்சம் ஏறும். சத்தம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இன்னும் ரெண்டு விஷயம். 8 இஞ்ச்தான் உசத்தின்னு நினைக்காதீங்க. கூம்பு பெருசானா மேல்ஸ்தாயி டார்ச் லைட் மாதிரி நேரா மட்டும் அடிக்கும். பக்கத்துல உக்காந்தவருக்குக் கிடைக்காது. அடுத்தது பொட்டியோட அகலம். 20 செ.மீ. அகலம்னா சுமார் 575 ஹெர்ட்ஸ்லேர்ந்து கீழ போகப் போக சத்தம் பின்பக்கமும் வழியும், 6 டெசிபல் வரைக்கும் நஷ்டம். சுவரை ஒட்டி வெச்சா கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

என் கட்சி இதுதான்: சின்ன ரூம், முதல் முயற்சின்னா, 0.4லேர்ந்து 0.5க்குள்ள க்யூ இருக்கற 4 இஞ்ச் டிரைவர், நேரான பொட்டி, நல்ல பிளைவுட். பாஸ் கிட்டார்ல தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ். அதை முழுசா இது தராது. ஒரு ஸ்தாயி கீழ போனா அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு அசையணும். நாலு இஞ்ச் பாவம் என்ன பண்ணும்? அதிர வைக்கற ஆசை இருந்தா சப்வூஃபர் சேருங்க. குரல் கேக்கணும்னா இது போதும்.

பி.கு: அறுக்கறதுக்கு முன்னாடி டிரைவரைக் கையில வாங்கி ஓட்டையை அளந்துக்கோங்க. பலகைக்கு அன்டூ பட்டன் கிடையாது :-)