ஓட்டத்தை அளக்கலாம், உழைப்பை அளக்க முடியுமா?



தொலைக்காட்சியில் காற்பந்து பார்ப்பவர்களுக்கு இப்போதெல்லாம் கோல் எண்ணிக்கை மட்டும் போதவில்லை. யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினார், எவ்வளவு வேகத்தில் ஓடினார், எத்தனை முறை விரைந்தோடினார் என்னும் பட்டியல் திரையின் அடியில் வந்து நிற்கிறது. மறுநாள் நாளிதழில் அதுவே செய்தியாகிறது. "9 கிலோமீட்டர்தான் ஓடினான், சோம்பேறி!" என்று காப்பிக் கடையில் தீர்ப்பும் எழுதப்பட்டு விடுகிறது.

கருவியின் மீது எனக்குப் பகையில்லை. அது தரும் எண்ணுக்கு நாம் சூட்டும் பெயரின் மீதுதான் என் வழக்கு. ஓடிய தொலைவை அளந்துவிட்டு அதற்கு 'உழைப்பு' என்று பெயரிடுகிறார்கள். தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இந்தப் பெயர் மோசடியைக் கண்டும் காணாமல் இருக்க என்னால் இயலவில்லை.

கருவி வந்த வழி

இந்த அளவீடு நேற்று முளைத்ததன்று. 1976இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தாமஸ் ரெய்லி, வான் தாமஸ் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் எவர்ட்டன் குழுவின் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அன்று செயற்கைக்கோள் கருவி ஏதுமில்லை. ஆட்டக்காரரைக் கண்ணால் பின்தொடர்ந்து அவருடைய நடை, மெல்லோட்டம், விரைவோட்டம் ஆகியவற்றைப் பதிந்து கணக்கிட்டனர். ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஏறத்தாழ 8.7 கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. ஓடிய தொலைவில் பந்தோடு ஓடியது 2 விழுக்காட்டுக்கும் குறைவு! எஞ்சிய 98 விழுக்காடும் பந்தில்லாத ஓட்டமே. அந்த ஓட்டம் எதற்காக, எங்கே, எப்போது என்பதில்தான் ஆட்டமே அடங்கியிருக்கிறது.

1990களின் நடுப்பகுதியில் புரோசோன் என்னும் நிறுவனம் தோன்றியது. அதைத் தொடங்கியவர் ராம் மயில்வாகனம். பெயரைக் கேட்டவுடன் நமக்கெல்லாம் ஒரு மகிழ்ச்சி பிறக்கிறது அல்லவா? அரங்கைச் சுற்றிலும் ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி, ஆட்டக்காரர் அனைவரின் நகர்வையும் பதிவு செய்யும் அந்த முறையை முதலில் டெர்பி கவுண்டி குழு பயன்படுத்தியது. அங்குத் துணைப் பயிற்றுநராக இருந்த ஸ்டீவ் மெக்கிளாரன் 1999இல் மென்செஸ்டர் யுனைடெட்டுக்கு மாறியபோது அம்முறையும் அவரோடு சென்றது.

அதன் பின்னர் தோளெலும்புகளுக்கு நடுவே ஜிபிஎஸ் கருவியைச் சுமக்கும் கச்சை வந்தது. 2015இல் அனைத்துலகக் காற்பந்துச் சட்ட வாரியம் அதனை ஆட்ட நேரத்திலும் அணிய இசைவளித்தது. 2022 உலகக் கிண்ணப் போட்டியிலோ அரங்கின் கூரையடியில் 12 ஒளிப்படக் கருவிகள் இருந்தன. ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை அவை பதிவு செய்தன. பந்துக்குள்ளும் ஓர் உணரி! ஆட்டக்காரரின் முழங்கால் எங்கிருந்தது என்பது இன்று யாருக்கும் மறைபொருளன்று. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் அன்றும் இன்றும் மறைபொருளே.

வேகம் என்னும் மயக்கம்

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் தோட்டன்ஹாம் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர் மிக்கி வான் டி வென் மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். பிரிமியர் லீக்கில் பதிவான உச்ச வேகம் அதுவென்று செய்தி பரவியது. உடனே ஒரு கூட்டம் கணக்குப் போட்டது. உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 37.6 கிலோமீட்டர். ஆகவே காற்பந்து வீரர் போல்ட்டை நெருங்கிவிட்டாராம்!

ஆறாம் ஆண்டு மாணவன் இப்படிக் கணக்குப் போட்டால் நான் சிவப்பு மையைத் தேடுவேன். 37.6 என்பது போல்ட்டின் சராசரி வேகம். அசையாமல் நின்ற நிலையிலிருந்து புறப்பட்ட நேரமும் அதில் அடக்கம். 37.38 என்பதோ மற்றவர் ஒரு கணத்தில் தொட்ட உச்சம். அதே ஓட்டத்தில் 60ஆவது மீட்டருக்கும் 80ஆவது மீட்டருக்கும் இடையே போல்ட் எடுத்துக்கொண்ட நேரம் 1.61 விநாடி. அப்படியானால் அவருடைய உச்சம் மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல். சராசரியையும் உச்சத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எந்த ஊர் அறிவியல்?

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான ஆய்வுகளில் மணிக்கு 25.2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டமே 'விரைந்தோட்டம்' எனக் கணக்கில் ஏறும். இயல்பிலேயே கால்வேகம் குறைந்த ஒருவர் தம் முழு மூச்சையும் திரட்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் கோலைத் தடுத்தால் அது விரைந்தோட்டம் ஆகாது. கால்வேகம் மிக்கவர் முழு ஆற்றலையும் காட்டாமலே 26ஐத் தொட்டால் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழும். யார் அதிகம் உழைத்தவர்? கருவி சொல்லும் விடையைத்தான் நாம் நம்ப வேண்டுமா?

அதிகம் ஓடியவர் அதிகம் உழைத்தவரா?

ஒரு குழு ஏன் அதிகம் ஓடுகிறது? பந்து தன்னிடம் இல்லாததால் ஓடுகிறது. தவறான இடத்தில் நின்றதைச் சரிசெய்ய ஓடுகிறது. இத்தாலியின் முதல்நிலை லீக்கை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, பட்டியலின் அடியில் இருந்த குழுக்களே அதிகத் தொலைவு ஓடின என்று கண்டது. மேலே இருந்த குழுக்களோ பந்தோடு அதிகம் ஓடின. 2013இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, இங்கிலாந்தில் மூன்றாம் நிலை லீக் ஆட்டக்காரர்கள் பிரிமியர் லீக் ஆட்டக்காரர்களைவிட அதிகமாக உயர்வேக ஓட்டம் ஓடினர் என்று காட்டியது. ஓட்டமே உழைப்பு, உழைப்பே வெற்றி என்றால் பட்டியல் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

லியோனல் மெஸ்ஸியைப் பாருங்கள். திடலில் அதிகம் நடப்பவர் என்று பெயர் பெற்றவர் அவர். 2014, 2022 ஆகிய இரண்டு உலகக் கிண்ணப் போட்டிகளிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தைப் பெற்றவரும் அவரே. அவர் நடக்கும்போது திடலைப் படிக்கிறார். எதிரணியில் யார் எங்கே இடம் விட்டிருக்கிறார் என்று தேடுகிறார். கருவிக்கு அது நடை. நமக்கு அது சிந்தனை. சிந்தனை உழைப்பில் சேராது என்று யார் சொன்னார்?

ஜாப் ஸ்டாமின் கதையும் எண்ணத்தக்கது. 2001இல் மென்செஸ்டர் யுனைடெட் அவரைத் திடுமென இத்தாலியின் லாசியோ குழுவுக்கு விற்றது. அவர் எழுதிய நூல் கிளப்பிய சலசலப்பே காரணம் என்றனர் பலர். பந்தைப் பறிக்க அவர் செய்த முயற்சிகளின் எண்ணிக்கை குறைந்ததும் ஒரு காரணம் என்று பின்னாளில் எழுதப்பட்டது. நிருவாகி அலெக்ஸ் பெர்குசன் அந்த விற்பனை தவறென்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். நல்ல தற்காப்பு ஆட்டக்காரர் சரியான இடத்தில் நிற்பதாலேயே பறிக்க வேண்டிய தேவை குறைகிறது. நடக்காமல் தடுக்கப்பட்ட தீமையை எந்தக் கருவி எண்ணும்?

நிறுவைக் கொட்டகையும் கச்சையும்

தொழிலாளியின் அசைவை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்த பிரடெரிக் டெய்லர் என்னும் அமெரிக்கர் 1911இல் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். இரும்புப் பாளம் தூக்குபவர் நாளுக்குப் பன்னிரண்டரை டன்னிலிருந்து 47 டன்னுக்கு உயர்ந்ததாக அதில் பெருமை பேசினார். எதையும் எண்ணாக்கினால் விளைச்சல் பெருகும் என்பதே அந்தக் கொள்கை. அதன் பேரப்பிள்ளைதான் இன்று காற்பந்து வீரரின் முதுகில் ஏறி அமர்ந்திருக்கிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. பால்வெட்டு முடிந்து வாளியோடு நிறுவைக் கொட்டகைக்குப் போனால் அங்கே எழுதப்படும் எண்தான் அன்றைய உழைப்பு. மேட்டு நிரையா, பள்ளத்து நிரையா, கிழட்டு மரமா, இளமரமா, விடியலில் மழை தூறியதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. எண்ணை எழுதியவருக்குத் தெரியும், ஆனால் எழுத இடமில்லை. பல இலட்சம் வெள்ளி ஊதியம் பெறும் காற்பந்து வீரரும் நம் பாட்டன் பாட்டியரும் ஒன்றல்லர். ஆயினும் உழைத்தவரைக் கேட்காமல் உழைப்புக்கு எண் போடும் முறை ஒன்றே.

இந்த எண்கள் யாருக்குச் சொந்தம் என்பதும் கேள்விதான். பிரிட்டனில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் தங்கள் தரவுகளை இசைவின்றி வணிகமாக்குவதாகக் கூறி, முன்னாள் பயிற்றுநர் ரசல் சிலேட் தலைமையில் சட்ட நடவடிக்கையில் இறங்கினர். உலக ஆட்டக்காரர் சங்கமான பிஃப்புரோ, 2022இல் ஆட்டக்காரர் தரவு உரிமைகளுக்கென ஒரு சாசனம் வெளியிட்டது. சங்கமும் வழக்கறிஞரும் உள்ள பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், குரலற்ற சிறுவர்களின் நிலை என்ன?

நம் பிள்ளைகளின் முதுகில் வேண்டா

என் கவலையின் வேர் இங்கேதான் இருக்கிறது. முன்பு பெருங்குழுக்களுக்கு மட்டுமே எட்டிய கச்சை இன்று விலை குறைந்து சிறுவர் பயிற்சிக் கழகங்களுக்கும் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் 12 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். கட்டணப் பயிற்சிக் கழகம் ஒன்றிலும் பயின்றுவந்த சிறுவன் ஒருவன் நடுத்திடலில் ஆடினான். சிறிய உடல், கூர்ந்த பார்வை. பந்து வரும் வழியை முன்கூட்டியே கணித்து நின்றுகொள்வான். ஆட்டம் முடிந்ததும் அக்கழகப் பயிற்றுநர் கையிலிருந்த தட்டைக் கணினியைத் தந்தையிடம் காட்டி, "ஓட்டம் போதவில்லை ஐயா" என்றார். அந்தத் தந்தை மகனைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை அளக்கக் கருவி இல்லை.

நம் போட்டிகளில் வயதுப் பிரிவு ஆண்டுக் கணக்கில் அமைகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதினொரு வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது வாழ்ந்த நாளில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு! ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே இளையோர் குழுக்களில் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்பது பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்ட உண்மை. அந்த வயதில் வேகத்தை அளப்பவர் திறமையை அளக்கவில்லை. பருவம் முந்தி வந்ததா, பிந்தி வருமா என்பதைத்தான் அளக்கிறார். பிந்தி வளர்பவன் பதினாறு வயதில் எழுந்து நிற்கும்போது அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது.

2021இல் நம் நாட்டில் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டது. 'எத்தனை ஏ?' என்னும் கேள்வியால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நிறுத்த காலம் போதும் என்றோம். வகுப்பறையிலிருந்து வெளியேற்றிய தராசைத் திடலின் பின்வாசல் வழியே மீண்டும் உள்ளே விடலாமா?

அப்படியானால் கருவியே வேண்டாவா?

வேண்டும் என்பேன். ஒரு வீரர் இந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாக ஓடிக் களைத்திருக்கிறார், ஓய்வு தேவை என்று முன்னரே அறிய இக்கருவி உதவும். காயத்திலிருந்து மீண்டவர் படிப்படியாகத் திடலுக்குத் திரும்ப இது துணை நிற்கும். வெப்பமானி காய்ச்சலைக் காட்டுவது போன்றது அது. வெப்பமானியைக் கொண்டு பிள்ளையின் குணத்துக்கு மதிப்பெண் போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று.

1. இந்த எண்கள் உடல்நலம் காக்க மட்டும் பயன்படட்டும். ஆளைத் தேர்வதற்கும் விலக்குவதற்கும் பயிற்றுநரின் கண்ணே முதன்மையாக இருக்கட்டும்.

2. எண் யாருடைய உடலிலிருந்து வந்ததோ அவருக்கே உரியது. சிறுவராயின் பெற்றோரின் எழுத்து இசைவு வேண்டும். ஏன் எடுக்கிறீர்கள், யாரிடம் தருகிறீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்கப் பெற்றோர் தயங்கக்கூடாது.

3. தொடக்கப்பள்ளி வயதில் வேகப் பட்டியலும் தொலைவுப் பட்டியலும் அறவே வேண்டா. அந்த வயதில் பிள்ளைக்குப் பந்தின் மீது காதல் வந்தாலே பயிற்சி வென்றது.

வள்ளுவர் 'ஊக்கமுடைமை' என ஓர் அதிகாரமும், 'மடியின்மை' என ஓர் அதிகாரமும், 'ஆள்வினையுடைமை' என ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். உள்ளத்தின் எழுச்சி வேறு, சோம்பல் இல்லாமை வேறு, விடாத முயற்சி வேறு என்று பிரித்தறிந்த மொழி நம்முடையது. அம்மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து 'இத்தனை கிலோமீட்டர்' என்று உருட்டிக் கொடுத்தால் நாம் வாய் திறந்து வாங்கிக்கொள்வதா?

அடுத்த முறை உங்கள் பிள்ளை திடலிலிருந்து வியர்வையோடு வந்து நிற்கும்போது, எவ்வளவு ஓடினாய் என்று கேட்காதீர்கள். இன்று எதைக் கண்டாய், என்ன நினைத்து அந்தப் பந்தைத் தட்டினாய் என்று கேளுங்கள். விடை சொல்ல அவன் திணறினாலும் பொறுத்திருங்கள். அந்தத் திணறலும் உழைப்புதான்.