மூன்று மில்லி பெட்ரோல்

சிக்னல் பச்சைக்கு மாறுகிறது. 1970 மாடல் ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். காரின் ஆக்சிலரேட்டர் தரைவரை அழுந்துகிறது. பானெட்டுக்குள் இருப்பது 454 கன அங்குல, அதாவது 7.4 லிட்டர், வி8 எஞ்சின். அதன் உச்ச ரகத்துக்குத் தொழிற்சாலை அறிவித்த திறன் 450 குதிரைகள். டயர் புகைய வேண்டிய நேரம். ஆனால் கார் ஒரு கணம் மூச்சை நிறுத்துகிறது. ஒரு தும்மல். பிறகுதான் பாய்ச்சல். அதற்குள் பக்கத்தில் நின்ற சிறிய ஜப்பானிய கார் அடுத்த சிக்னலை நெருங்கிவிட்டிருக்கிறது.

சிக்னலில் இது வெறும் மானப் பிரச்சினை. கிளைச் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது நடந்தால் உயிர்ப் பிரச்சினை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் தூரத்தை விழுங்கிவிடும்.

நடுத்தர அளவு உடம்பு, பெரிய எஞ்சின், இளைஞர்களுக்கு எட்டும் விலை. அமெரிக்காவின் 'மஸில் கார்' சூத்திரம் இதுதான். 1964இல் போன்டியாக் ஜிடிஓ கிளப்பிவிட்ட இந்த மோகத்தை, ஏறிப்போன இன்சூரன்ஸ் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அடக்கின. எஞ்சிய கார்கள் இன்று சேகரிப்பாளர்களின் செல்லங்கள். கார்கள் பிழைத்துவிட்டன, அவற்றின் கார்புரேட்டரைப் புரிந்துகொண்ட கைகள்தான் அருகிவிட்டன. அமெரிக்காவின் புதிய கார்களிலிருந்து 1990களின் தொடக்கத்திலேயே கார்புரேட்டர் விடைபெற்றுவிட்டது. கருவியைச் செருகியதும் கோளாறின் எண்ணைத் திரையில் காட்டும் வண்டிகளில் தொழில் பழகியவருக்கு வாய் பேசாத இந்த உலோகப் பெட்டி ஒரு புதிர். எனவே முதல் தீர்ப்பே 'கார்புரேட்டரை மாற்றுங்கள்' என்பதாக இருக்கிறது. பணம் செலவழித்துப் புதியதைப் பூட்டிய பிறகும், பல நேரங்களில் திணறல் அப்படியே இருக்கிறது.

காரணம் எளிமையானது. கார்புரேட்டரின் குறுகலான தொண்டை வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலில் பெட்ரோல் மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதித்தால் த்ராட்டில் வால்வு அகலத் திறக்கிறது. காற்று லேசானது, உடனே உள்ளே பாய்கிறது. பெட்ரோல் கனமானது, கிளம்பத் தாமதிக்கிறது. போதாக்குறைக்கு, எஞ்சினின் வெற்றிடம் சரிந்ததும் ஆவியாக இருந்த பெட்ரோலில் ஒரு பகுதி குழாய்ச் சுவர்களில் திரவமாகப் படிந்துவிடுகிறது. ஆக, எஞ்சினுக்கு அதிகம் தேவைப்படும் கணத்தில் கிடைப்பது காற்று மட்டுமே.

இந்த இடைவெளியை நிரப்பவே ஆக்சிலரேட்டர் பம்ப் என்ற சின்ன உறுப்பு இருக்கிறது. மிதித்த மாத்திரத்தில் அது பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சுகிறது. ஹோலி கார்புரேட்டர்களின் சாதாரண பம்ப் '30 சிசி' எனப்படுகிறது. பத்து முறை முழுதாக அழுத்தினால் 30 மில்லி என்பது அதன் பொருள். அதாவது ஒரு மிதிக்கு 3 மில்லி. ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அந்த 3 மில்லி தாமதித்தால் 450 குதிரைகளும் நொண்டுகின்றன.

அனுபவசாலிகள் தொடங்குவது இங்கேதான். எஞ்சினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக் தகட்டைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் அசைக்க வேண்டும். அசைந்த அந்தக் கணமே இரண்டு துவாரங்களிலிருந்தும் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் மற்றது அடைப்பு. இரண்டிலும் வராவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், உள்ளேயிருக்கும் சிறு குண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மிதவை அறையே வறண்டிருக்கலாம். தாமதமாக வந்தால் லிவரில் தளர்ச்சி. ஐட்லிங் நிலையில் லிவருக்கும் பம்பின் கைக்கும் நடுவே துளி இடைவெளியும் கூடாது. முழுதாகத் திறந்த நிலையில் 0.015 அங்குல அசைவு மிச்சமிருக்க வேண்டும். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும். சிகரெட்டுக்கு மட்டும் பக்கத்தில் இடமில்லை. எஞ்சின் ஓடும்போது குனிந்து பார்ப்பதும் ஆபத்து. பேக்ஃபயர் ஆனால் முகம் வெந்துவிடும்.

பீய்ச்சல் சரியாக இருந்தால்? கார்புரேட்டரை விட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்க வேண்டும். 'கார்புரேட்டர் கோளாறுகளில் பாதி மின்சாரக் கோளாறு' என்பது பழைய மெக்கானிக்குகளின் பாடம். தேய்ந்த பாயிண்ட், பின்தங்கிய டைமிங், துருப்பிடித்து நகர மறுக்கும் எடைகள், ஓட்டை விழுந்த வேக்குவம் டயாஃப்ரம் என எதுவானாலும் தீப்பொறி தாமதிக்கும். பெடலுக்கு இரண்டுமே ஒரே மாதிரித் திணறலாகத்தான் தெரியும். அடுத்தது காற்றுக் கசிவு. காய்ந்துபோன கேஸ்கெட்டும் வெடித்த ரப்பர் குழாயும் கணக்கில் வராத காற்றை உள்ளே விடுகின்றன. பிறகு மிதவை அறையின் பெட்ரோல் மட்டம். அது தாழ்ந்திருந்தால் பம்புக்கும் ஜெட்டுக்கும் சரக்கு பற்றாது.

இவை எல்லாம் ஒழுங்காக இருந்தால் மட்டுமே பீய்ச்சும் நாசிலின் அளவை மாற்றலாம். அதில் பொறித்த 25, 28, 31, 35 போன்ற எண்கள் துவாரத்தின் விட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்கின்றன. எந்தப் பக்கம் போவது என்பதை வண்டியே சொல்லிவிடும். கார்புரேட்டர் வழியே திருப்பித் தும்மினால் பெட்ரோல் போதவில்லை. புகைக்குழாயில் கரும்புகை கக்கினால் அதிகம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரே ஒரு படி. மூன்றை ஒன்றாக மாற்றியவருக்குக் கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது.

சில திணறல்கள் தேய்மானத்தால் வருவதில்லை, ஆசையால் வருகின்றன. 350 கன அங்குல எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 5,500 சுற்றில் கோட்பாட்டின்படி இழுக்கக்கூடிய காற்று நிமிடத்துக்கு சுமார் 557 கன அடி. நடைமுறையில் அதில் 85 சதவீதம் என்று வைத்தால் 473. சாலையில் ஓடும் காருக்கு 600 கன அடி கார்புரேட்டர் தாராளம். ஆனால் பந்தய மோகத்தில் 750, 850 என்று பூட்டுபவர்கள் உண்டு. தொண்டை அகலமானால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் குறைகிறது, உறிஞ்சல் பலவீனமாகிறது, திணறல் நிரந்தரமாகிறது.

இப்போது இந்தப் பட்டியலில் எரிபொருளும் சேர்ந்துகொண்டது. சுத்த பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அமெரிக்காவில் பரவலாக விற்கப்படும் 10 சதவீதக் கலவைக்கு 14.1 போதும். ஊசிமுனை இன்ஜெக்‌ஷன் கார்கள் சென்சார் மூலம் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. 1970ஆம் ஆண்டின் பெட்ரோலுக்கு அளந்த ஜெட்டையே அது நம்பிக்கொண்டிருக்கும். பழைய ரப்பர் டயாஃப்ரங்களையும் எத்தனால் கெடுக்கிறது. எத்தனாலைத் தாங்கும் ரகத்தை வாங்கிப் போடுவது செலவு குறைந்த முன்னெச்சரிக்கை.

இந்தியாவுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. 2025இல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலவை வந்துவிட்டது. அதற்குத் தேவையான காற்று சுமார் 13.5 பங்குதான். வீட்டு ஷெட்டில் அம்பாசடரையும் பத்மினியையும் பாதுகாத்து வைத்திருப்பவர்களுக்கு அந்த அமெரிக்கத் தும்மல் அந்நியமானதல்ல. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்பே கிடையாது. தலையிலுள்ள குழலில் ஊற்றிய கொஞ்சம் எண்ணெய், உள்ளேயிருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் பிடித்துவைக்கிறது. அந்தச் சிறு தாமதத்தில் காற்றின் வேகம் கூடி, பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. எண்ணெய் வற்றினால் வண்டி திக்கும். மூடியைத் திருகி எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காமலேயே எஞ்சினை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் உஷாராக இருப்பது நல்லது.

அங்கே 3 மில்லி பெட்ரோல், இங்கே சில சொட்டு எண்ணெய். புதிய கார்புரேட்டருக்கு ஆர்டர் கொடுக்குமுன் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஒருமுறை குனிந்து பார்ப்பது மலிவு.